ஒரே முகம்... ரெண்டு டிஸ்க்! - பழைய அரசு லேப்டாப்பை எஸ்எஸ்டிக்கு மாற்றிய கதை

"ஆன் பண்ணிட்டுப் போய் குளிச்சிட்டு, சாமி கும்பிட்டுட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்குண்ணே. ஆடிப்பெருக்குக்குள்ள வேலைய முடிச்சுக் கொடுக்கணும். நீ வந்து என்னன்னு பாரேன்!"

ஆனைக்குட்டத்திலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். எங்கள் வீட்டில் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தைந்து வயசு ஆகிவிட்டது, இன்னும் பாப்பாதான்.

சிவகாசிப் பக்கம் சொந்தம் இருப்பவர்களுக்கு ஆடிப்பெருக்கு என்றால் என்ன என்று தெரியும். அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடும் நாள் அது. அதன் பிறகு ஆர்டர் குவியத் தொடங்கிவிடும். பாப்பா ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாள் இருக்கிறது இல்லையா? அதில் வரும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், சந்திராஷ்டமம், விசேஷம் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து, சரிபார்த்துத் தருவது அவள் வேலை. ஒரு தேதிக்கு 7 கட்டம். 365 தேதிக்கு 2,555 கட்டம். ஒரு கட்டம் தப்பினாலும் யாரோ ஒருத்தர் வீட்டு கிரகப்பிரவேசம் தப்பான நேரத்தில் நடக்கும்!

இதை அவள் செய்வது, பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில். ஏழு வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட லேப்டாப். புதுசு வாங்கக் காசு கிடையாது. சித்தி பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலைக்குப் போகிறார். சனிக்கிழமை வரும் சம்பளம் செவ்வாய்க்கிழமை வரை தாங்கும்.

சனிக்கிழமை காலை விருதுநகரில் இறங்கி, சிவகாசி பஸ் பிடித்தேன். நான் ஜர்னலிசம் டிப்ளமோ படித்தவன். கம்ப்யூட்டர் இன்ஜினீயர் இல்லை. ஆனால், டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவனுக்கு வீட்டில் எல்லா மெஷினையும் ரிப்பேர் பார்க்கத் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றப் போய், அவளுடைய ஒரு ராத்திரி உழைப்பை அழிக்கும் இடம் வரை போய்விட்டேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

ஒரு லேப்டாப்பில் ரெண்டு குடித்தனம்

அரசு லேப்டாப் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். வின்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். இதைத்தான் டூயல் பூட் என்கிறோம். ஒரே டிஸ்க்கை அறை அறையாகப் பிரித்து, இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்களைத் தனித்தனியாகக் குடிவைப்பது.

2011 செப்டம்பர் 15-ம் தேதி அன்றைய முதல்வர் ஜெயலலிதா இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் மூலம் கொள்முதல் செய்து கொடுத்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஆதரவு உண்டு. அன்று பல பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

பாப்பாவின் லேப்டாப்பில் பாஸ் இருந்த அறையில், இன்ஜினீயரிங் படிக்கும் அவள் தம்பி உபுண்டு லினக்ஸை ஏற்றிவைத்திருந்தான். வின்டோஸ் மந்தமாகிப் போனதால், பாப்பாவும் மெதுவாக உபுண்டு பக்கம் வந்துவிட்டாள். காலண்டர் அட்டவணையை லிப்ரே ஆபீஸில் அடிப்பாள். முடித்ததும் வின்டோஸுக்குப் போய், அச்சகத்துக்காரர்கள் கேட்கும் பழைய எழுத்துருவுக்கு மாற்றி, பக்க வடிவமைப்பில் உட்காரவைப்பாள். ஆக, அவளுக்கு இரண்டு குடித்தனமும் வேண்டும். ஒன்றைக் காலி செய்துவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

"ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டுறலாமா?" என்று கேட்டேன்.

"அந்த எழுத்துரு, மாத்துற சாஃப்ட்வேர், பிரின்டர் செட்டிங்கு எல்லாம் திரும்பப் போட யாருண்ணே வருவா? அச்சகத்துல போட்டுக் கொடுத்த அண்ணன் இப்ப திருப்பூர்ல இருக்காரு."

சரி, அப்படியே பெயர்த்து எடுத்து வேறு டிஸ்க்கில் வைக்க வேண்டியதுதான்.

மந்தத்துக்குக் காரணம் எது?

முதலில் நோய் எது என்று பார்க்க வேண்டும். எல்லா மந்தத்துக்கும் எஸ்எஸ்டி மருந்து இல்லை. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கினுள் ஒரு தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தேவையான இடத்தைத் தேடிப் படிக்கிறது. ஒரு பெரிய சினிமாவை வரிசையாகப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு 100 எம்பி அளவில் படித்துவிடும். ஆனால், ஆபரேட்டிங் சிஸ்டம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் வேண்டும். அவை தட்டின் மூலைக்கு ஒன்றாக இருக்கும். முள் ஓடி ஓடியே நேரம் போய்விடும். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. எந்த மூலையில் இருந்தாலும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டால் புதுசு மாதிரி ஓடுகிறது.

வின்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எந்த வேலையும் செய்யாதபோதே 'டிஸ்க்' என்ற கட்டம் 100 சதவிகிதத்தில் நிற்கிறதா? அப்படியென்றால் குற்றவாளி டிஸ்க்தான். மெமரி கட்டம் நிரம்பி வழிந்தால் ரேம் போட வேண்டும். பாப்பாவுடையதில் டிஸ்க் 100-ஐ விட்டு இறங்கவே இல்லை.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை. உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலி உள்ளேயே இருக்கும். அதில் ஸ்மார்ட் டேட்டா என்று ஒரு பக்கம் உண்டு. வின்டோஸுக்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'பெண்டிங் செக்டர்' என்ற வரிகளில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அல்லது டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால், உடனே நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் முழு டிஸ்க்கை நகலெடுக்கப் போனால், நடுவிலேயே அது உயிரை விடலாம். முதலில் முக்கியமான ஃபைல்களை மட்டும் வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பாப்பாவின் டிஸ்க் கிழடு, ஆனால் நோயாளி இல்லை. தைரியமாக இறங்கினேன்.

500 பெருசா, 480 பெருசா?

அவள் முன்கூட்டியே ஓர் எஸ்எஸ்டி வாங்கி வைத்திருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் 'அடடா' என்றேன். பழைய ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி. வாங்கியது 480 ஜிபி.

"நான் மொத்தமே 180 ஜிபிதான வச்சிருக்கேன். பத்தாதா?"

ஃபைல்களை மட்டும் நகலெடுத்தால் பத்தும். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும்போது, மென்பொருள் அறைகளின் அளவைத்தான் பார்க்கும். அறைக்குள் எவ்வளவு சாமான் இருக்கிறது என்று பார்க்காது. 500 ஜிபி டிஸ்க்கில் 50,010 கோடி பைட் இருக்கிறது. 480-ல் 48,010 கோடிதான். கடைசி அறை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அறைகளைச் சுருக்கி, நகர்த்தி உள்ளே அடக்க வழி உண்டு. ஆனால், அது நெருக்கடி நேரத்தில் செய்கிற வேலை இல்லை.

நல்லவேளை, பெட்டியைப் பிரிக்கவில்லை. சிவகாசியில் வாங்கிய கடையிலேயே 512 ஜிபி மாற்றிக் கொடுத்தார்கள். பழையதற்குச் சமமாக அல்லது பெரியதாக வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன் இன்னொன்றையும் பாருங்கள். 2.5 அங்குல சாட்டா டிஸ்க்கா, சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகையா? எம்.2 என்றால் அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு சாதி உண்டு. ஒன்று இன்னொன்றின் இடத்தில் வேலை செய்யாமல் போகலாம். லேப்டாப்பின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குவதே நல்லது. பழைய அரசு லேப்டாப்பில் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தைக் கழற்றிப் புதியதற்கு மாட்ட வேண்டியிருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எஸ்எஸ்டியோடு சேர்த்து, சாட்டாவை யுஎஸ்பியில் இணைக்கும் சின்ன உறை ஒன்றும் வாங்கினோம். நகலெடுக்கும்போது புதியது அதற்குள் இருக்கும். பிறகு பழையது அதற்குள் போய் உட்காரும்.

நகலெடுக்கும் முன் நாலு வேலை

ஒன்று: உயிர் போன்ற ஃபைல்களைத் தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். "எப்படியும் டிஸ்க் முழுசையும்தான நகலெடுக்கப் போறோம்" என்று நினைக்கக் கூடாது. வீடு மாறும்போது லாரியில் எல்லாம் போனாலும், நகையைப் பையில்தானே வைத்துக்கொள்கிறோம்?

இரண்டு: வின்டோஸை முழுமையாக அணையுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருப்பதால், நாம் ஷட்டவுன் கொடுத்தாலும் வின்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைச் சொடுக்கினால் முழுசாகத் தூங்கும். டூயல் பூட் வைத்திருப்பவர்கள் அந்த வசதியை நிரந்தரமாகவே அணைத்துவிடுவது நல்லது.

மூன்று: பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால், அதன் மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் மாட்டிக்கொண்டால் யாராலும் திறக்க முடியாது.

நான்கு: டிஸ்க்கில் எத்தனை அறைகள் இருக்கின்றன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவுடையதில் ஐந்து இருந்தன. லேப்டாப் தொடங்கத் தேவையான குட்டி இஎஃப்ஐ அறை, வின்டோஸ் தனக்கென ஒதுக்கி வைத்த இன்னொரு குட்டி அறை, சி டிரைவ், வின்டோஸ் மீட்பு அறை, உபுண்டு இருக்கும் அறை. சி டிரைவையும் உபுண்டுவையும் மட்டும் நகலெடுத்தால் லேப்டாப் தொடங்காது. வாசலை விட்டுவிட்டு வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி ஆகும். அதனால்தான் டிஸ்க் மொத்தத்தையும் நகலெடுக்கச் சொல்கிறார்கள்.

எதிலிருந்து எதுக்கு?

நான் பயன்படுத்தியது குளோன்ஜில்லா. இலவசம். தைவானில் உருவாகி, உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மென்பொருள். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்க வேண்டும். அப்போதுதான் வின்டோஸும் லினக்ஸும் தூங்கிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வீட்டைத் தூக்க முடியாது இல்லையா? அழகான பட்டன்கள் இருக்காது. நீலத் திரையில் எழுத்து எழுத்தாகக் கேட்கும். 'டிவைஸ் டு டிவைஸ்', பிறகு 'டிஸ்க் டு லோக்கல் டிஸ்க்' என்று தேர்ந்தெடுத்தால் போதும். உண்மையில் சாமான் இருக்கும் பகுதியை மட்டுமே நகலெடுப்பதால் நேரமும் மிச்சம்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. எது மூலம், எது நகல் என்று கேட்கும் இடம். எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் காட்டும். திசை மாறினால், காலியான புது டிஸ்க்கை எடுத்து, உயிருள்ள பழைய டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் போய்விடும். பெயரை நம்பாதீர்கள். பக்கத்தில் இருக்கும் அளவையும் கம்பெனிப் பெயரையும் பாருங்கள். எங்களுக்கு 500 மூலம், 512 நகல். நான் படித்தேன், பாப்பா சரிபார்த்தாள். அது அவள் தொழிலாச்சே!

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது. லேப்டாப் பேட்டரி தாக்குப்பிடித்தது. பேட்டரி செத்துப்போன லேப்டாப் என்றால், கரண்ட் நிலவரம் பார்த்து வேலையைத் தொடங்குங்கள். பாதியில் நின்றாலும் மூல டிஸ்க்குக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. அதிலிருந்து படிக்க மட்டும்தான் செய்கிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

சார்ஜரைக் கழற்றி, பின் மூடியைத் திறந்து, டிஸ்க்குகளை இடம் மாற்றினேன். ஆன் செய்தேன். நேராக வின்டோஸ் வந்து நின்றது. நாலு நிமிடம் சுற்றிய வட்டம், இருபது வினாடியில் முடிந்துவிட்டது. சித்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தார்.

ஆனால், வின்டோஸா லினக்ஸா என்று கேட்கும் பட்டியல் வரவில்லை. இதற்குப் பதற வேண்டாம். எதை முதலில் தொடங்குவது என்ற குறிப்பு டிஸ்க்கில் மட்டும் இல்லை, லேப்டாப்பின் மதர்போர்டிலும் இருக்கிறது. டிஸ்க் மாறும்போது அந்த வரிசை குழம்பலாம். பயாஸுக்குள் போய், பூட் வரிசையில் உபுண்டுவை மேலே தள்ளினேன். பட்டியல் வந்துவிட்டது. வின்டோஸ் லைசென்ஸும் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாற்றினால் போய்விடாது.

பழையபடி மந்தமா இருக்கே!

இனிமேல்தான் என் தப்பு.

நகல் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று, பழைய டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டு அதே லேப்டாப்பில் சொருகி வைத்திருந்தேன். பிறகு பேச்சு சுவாரஸ்யத்தில் அதை மறந்துவிட்டேன். அணைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தேன். பாப்பா சாயங்காலம் ஏழு மணிக்கு உபுண்டுவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, வின்டோஸ் பறக்குது. உபுண்டு மட்டும் பழையபடி மந்தமாவே இருக்கே?"

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும்" என்றேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வது எங்கள் குடும்ப வியாதி.

ராத்திரி பதினொரு மணி தாண்டியும் அடித்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் 1-ல் தொடங்கி செப்டம்பர் 16 வரை, 47 நாள். 329 கட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய டிஸ்க்கை அவளுக்கு பேக்கப் டிஸ்க்காக மாற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று, அதைக் கழற்றி என் லேப்டாப்பில் சொருகினேன். அழிப்பதற்கான ஃபார்மேட் பெட்டியைத் திறந்தேன். "எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?" என்று கேட்டது. அதே நேரம் திண்ணையிலிருந்து பாப்பாவின் குரல்.

"அண்ணே... நேத்து அடிச்சது ஒண்ணையும் காணோம். ஜூலை 31 வரைக்கும்தான் இருக்கு!"

'சேவ் பண்ணியிருக்க மாட்டா' என்று முதலில் நினைத்தேன். "பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணுனேன்" என்றாள். குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். சமீபத்திய ஃபைல்கள் பட்டியலைப் பார்த்தேன். லிப்ரே ஆபீஸின் தானியங்கிச் சேமிப்பைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் எதுவும் பேசவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்து ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், மறுபடி முதலிலிருந்து அடிக்க. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

'பழையபடி மந்தமா இருக்கே' என்று அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. என் லேப்டாப்பில் ஃபார்மேட் பெட்டி இன்னும் சம்மதம் கேட்டுக்கொண்டு நின்றது. அதை மூடிவிட்டு, பழைய டிஸ்க்கின் உபுண்டு அறையைத் திறந்தேன். பாப்பாவின் கோப்புறை. காலண்டர் ஃபைல். கடைசியாக மாற்றப்பட்ட நேரம்: நேற்று இரவு 11.10.

47 நாளும் அங்கே இருந்தது.

இரட்டையருக்கு ஒரே ஆதார்

என்ன நடந்தது? ஒவ்வோர் அறைக்கும் யுயுஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு. நம்ம ஆதார் எண் மாதிரி. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் எந்த வரிசையில் சொருகுகிறோம் என்பதைப் பொறுத்து மாறிவிடும் என்பதால், லினக்ஸ் அந்த எண்ணை வைத்துத்தான் தன் வீட்டைத் தேடிப் போகும். வழக்கமாக உலகத்தில் இன்னொரு டிஸ்க்குக்கு அதே எண் இருக்காது.

நகல் என்றால் எல்லாவற்றையும் நகலெடுக்கும். அந்த எண்ணையும் சேர்த்து. இப்போது ஒரே லேப்டாப்பில், ஒரே எண்ணோடு இரண்டு வீடுகள். உள்ளே எஸ்எஸ்டி. வெளியே யுஎஸ்பியில் பழைய டிஸ்க். அன்று சாயங்காலம் உபுண்டு பழைய வீட்டுக்குள் போய்விட்டது. இரண்டிலும் அதே வால்பேப்பர், அதே ஃபைல், அதே பாஸ்வேர்டு. யாருக்கு வித்தியாசம் தெரியும்? பாப்பா ராத்திரி முழுக்க அடித்தது பழைய டிஸ்க்கில். காலையில் நான் அதைக் கழற்றியதும், உபுண்டு எஸ்எஸ்டிக்குள் போனது. அங்கே ஜூலை 31 வரைதான் இருந்தது.

வின்டோஸில் இந்தக் குழப்பம் ஏன் வரவில்லை? ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க்கைப் பார்த்தால், வின்டோஸ் ஒன்றை 'ஆஃப்லைன்' என்று ஒதுக்கி வைத்துவிடும். லினக்ஸில் அப்படியொரு காவலாளி நமக்கு வாய்க்கவில்லை.

இன்னும் ஒரு சொடுக்கு. அவ்வளவுதான் இருந்தது இடைவெளி. நான் 'சம்மதம்' கொடுத்திருந்தால், அந்த ராத்திரி இந்த உலகத்தில் எங்குமே இல்லாமல் போயிருக்கும். பாப்பா சேவ் செய்யவில்லை என்றே காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து, அவள் லேப்டாப்பில் போட்டோம். பஞ்சாங்கத்தை மூடினாள். "செப்டம்பர் 17-ல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஞாயிறு விடுமுறையில் இருந்த சித்தி, எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க ஆலையில மருந்து கலக்குற ரூம் தனி, அடைக்கிற ரூம் தனி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகவே கூடாது. நீ படிச்சவன், ரெண்டையும் ஒரே எடத்துல வச்சிருக்க!"

நீங்கள் செய்யப்போகிறீர்களா?

வின்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பல பழைய லேப்டாப்களில் வின்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. அதனால் பழைய மெஷினில் லினக்ஸையும் சேர்த்துப் போட்டு, எஸ்எஸ்டிக்கு மாற்றுபவர்கள் இருப்பார்கள். உங்களுக்காக, என் தப்பிலிருந்து சில குறிப்புகள்.

- நகலெடுத்து முடிந்ததும் லேப்டாப்பை அணையுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றுங்கள். புதியது மட்டும் இருக்கும் நிலையில்தான் முதல்முறை ஆன் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்து ஒருபோதும் தொடங்காதீர்கள்.

- உபுண்டு எந்த டிஸ்க்கிலிருந்து ஓடுகிறது என்று பார்க்க 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறங்கள். உபுண்டு அறையைச் சொடுக்கினால், 'ஃபைல்சிஸ்டம் ரூட்' என்று எந்த டிஸ்க்கில் காட்டுகிறதோ, அதுதான் ஓடிக்கொண்டிருப்பது. ஒரு நிமிட வேலை. நான் செய்யவில்லை.

- பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். தேதி எழுதி ஒட்டி, ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். அந்த ஒரு மாதத்தில் வின்டோஸ், லினக்ஸ் இரண்டையும் தினமும் பயன்படுத்திப் பாருங்கள்.

- அதிலிருந்து ஏதாவது ஃபைல் தேவைப்பட்டால், இந்த லேப்டாப்பை ஆன் செய்வதற்கு முன்பே சொருகி வைக்காதீர்கள். வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி எடுங்கள். உபுண்டு அறையைப் படிக்க, அந்தக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் இருந்தால் வசதி. வின்டோஸ் அதை நேரடியாகப் படிக்காது. 'ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று வேறு கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

- ஒரு மாதம் கழித்து, பழைய டிஸ்க்கை அழித்துப் புதிதாக ஃபார்மேட் செய்தால் புது அடையாள எண் கிடைத்துவிடும். அதன் பிறகு பேக்கப் டிஸ்க்காகச் சொருகிக்கொள்ளலாம். விற்பதாக அல்லது கடையில் கொடுப்பதாக இருந்தாலும், முழுசாக அழித்த பிறகே கொடுங்கள்.

- டிஸ்க்கில் வைரஸ் இருந்தாலோ, வின்டோஸே குழம்பிப் போயிருந்தாலோ நகலெடுக்காதீர்கள். நோயும் சேர்ந்து வரும். புதிதாக இன்ஸ்டால் செய்வதே நல்லது. அப்படிச் செய்யும்போது முதலில் வின்டோஸ், பிறகு லினக்ஸ். மாற்றிச் செய்தால் தொடக்கப் பட்டியல் காணாமல் போய், மறுபடி அலைய வேண்டும்.

- வீட்டில் யாராவது 'இது முன்ன மாதிரி இல்லையே' என்றோ, 'முன்ன மாதிரியே இருக்கே' என்றோ சொன்னால், நின்று கேளுங்கள். தினமும் அந்த மெஷினோடு புழங்குபவர்களுக்குத்தான் அதன் நடை தெரியும்.

பாப்பாவின் பழைய டிஸ்க் இப்போது சித்தியின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. மேலே ஒரு காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டி, 'ஒரு மாசத்துக்குத் தொடக் கூடாது' என்று எழுதி வைத்திருக்கிறாள். நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாள்: "டிசம்பர் 31 முடிஞ்சிருச்சுண்ணே. இன்னிக்கு அச்சகத்துல கொடுத்துட்டேன்."

உங்கள் வீட்டில் தூங்கும் அரசு லேப்டாப் இருக்கிறதா? அதை எழுப்ப என்ன செய்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள்? எழுதுங்கள், இன்னொரு வாரம் அதைப் பற்றிப் பேசலாம்.